புதுப்பிப்பு: ரிஸ்க் இன்டர்ன்ஷிப்புக்கு பைத்தான் போதுமா?

கடன் திரும்பி வருமான்னு பாக்குற ரிஸ்க் டீம்ல இன்டர்ன்ஷிப்புக்கு பைத்தான் ப்ரோகிராமிங் மட்டும் தெரிஞ்சா போதுமான்னு போன மாசம் கேட்டிருந்தேன்; எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்ல இருந்து தகவல் எடுக்கிற மொழி), எக்செல்லை முதல்ல பிடின்னு பலர் சொன்னீங்க. நீங்க சொன்னதுதான் சரி. சென்னையில ஒரு வாகனக் கடன் கம்பெனியில சேர்ந்தாச்சு, மெஷின் லேர்னிங் பக்கமே இன்னும் போகல.

தவணை தாண்டின நாளை வெச்சுக் கணக்குகளைப் பிரிக்கிறதுதான் வேலை. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 நாள் வரை எஸ்எம்ஏ-0 (எஸ்எம்ஏன்னா வாராக்கடன் ஆகுறதுக்கு முன்னாடி தனியா கவனிக்க வேண்டிய கணக்கு), 60 வரை எஸ்எம்ஏ-1, 90 வரை எஸ்எம்ஏ-2, அதைத் தாண்டினா வாராக்கடன். கேக்க சுலபம்! ஆனா ஒருத்தர் பேர்ல ரெண்டு லோன் இருந்து ஒண்ணு 90 தாண்டினா, ஒழுங்கா கட்டுற இன்னொண்ணும் வாராக்கடன்தான். ஒரு தவணை மட்டும் கட்டினா அதுல இருந்து வெளிய வர முடியாது, தவறின தவணை பாக்கி மொத்தமும் தீரணும். அதனால ஒருத்தரோட எல்லா லோனையும் சேர்த்துப் பாக்கணும்; "லோன் நம்பரை விடுப்பா, பான் நம்பரை வெச்சு ஜாயின் பண்ணு"ன்னு டீம் லீட் அக்கா சொன்ன பிறகுதான் என் எஸ்க்யூஎல் க்வெரி சரியா ஓடுச்சு.

எஃப்ஆர்எம் (ரிஸ்க் வேலைக்கான சர்டிஃபிகேட் பரீட்சை) பத்தி கேட்டவங்களுக்கு: இன்டர்வியூல அதை யாரும் கேக்கல. ஸ்டைபெண்ட்? பஸ் பாஸுக்கும் டீக்கும் ஆகுது.