'முரண்' என்ற தலைப்பில் சித்திரக் கண்காட்சி, யோசனை சொல்லுங்கள்

உப்புவெளி டீச்சர்:
வணக்கம். பத்தாம் தரப் பிள்ளைகளோடு தவணை முடிவில் சின்னக் கண்காட்சி ஒன்று வைக்கப் போகிறோம், தலைப்பு 'முரண்'. இதுவரை வந்த யோசனை எல்லாம் ஒரே மாதிரி: தாளை நடுவில் பிரித்து இந்தப் பக்கம் பகல் அந்தப் பக்கம் இரவு, இல்லாவிட்டால் பச்சை மரமும் பட்ட மரமும். அதை எந்த ஊரில் இருந்தும் வரையலாமே. திருகோணமலைப் பிள்ளைக்கு வேறு ஏதாவது கண்ணில் பட வேண்டாமா? கையில் இருப்பது வோட்டர் கலர், கறுப்புத் தாள், பசை, கத்தரிக்கோல்.

கன்னியாக்காரன்:
டீச்சர், கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப் போங்கள். பக்கத்தில் பக்கத்தில் ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. ஏழிலும் கை வைத்துப் பார்த்துவிட்டு வந்து, ஒரே அளவில் ஏழு சதுரம் போட்டு, அந்தச் சூட்டை நிறத்தில் மட்டும் காட்டச் சொல்லுங்கள், கிணறு வரையவே தேவையில்லை. சூடும் குளிரும் இரண்டு பாதி இல்லை, இடையில் எத்தனையோ படி இருக்கிறது என்று கையால் தெரிந்துகொள்வார்கள்.

சாயக்காரி:
நல்ல யோசனை, ஆனால் அந்தச் சதுரங்களுக்கு இடையில் வெள்ளை விட்டால் ஒரு விளைவு, ஒட்டிப் போட்டால் வேறு விளைவு, இரண்டையும் செய்து பாருங்கள். பாரிஸில் கோபெலின் திரைச்சீலை ஆலையில் சாயப் பகுதியைப் பார்த்துக்கொண்ட செவ்ரல் என்ற வேதியியலாளருக்குக் கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்று முறைப்பாடு வந்தது. ஆராய்ந்தால் சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை அப்படிக் காட்டியிருக்கின்றன. 1839இல் அதைப் பெரிய நூலாகவே எழுதினார். ஒரே சாம்பல் நிறத் தாளில் இரண்டு துண்டு வெட்டி ஒன்றைக் கறுப்பின் மேலும் மற்றதை வெள்ளையின் மேலும் ஒட்டிக் காட்டுங்கள், ஒரே தாள் என்று பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள்.

கோட்டை வாசல்:
எனக்கு நிறத்தைவிடக் கறுப்புத் தாள்தான் பிடிக்கும். பிரெட்ரிக் கோட்டையை எடுங்கள். போத்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லையும் போட்டுக் கட்டிய கோட்டை, இன்று கோயிலுக்குப் போவதற்கும் அந்தக் கோட்டை வாசலுக்குள்ளால்தான் போக வேண்டும், வழியெல்லாம் மான் மேய்கிறது. இதைவிடப் பெரிய முரண் எனக்குத் தெரியவில்லை. செய்முறை லேசு: வெள்ளைத் தாளின் நடுவில் ஒட்ட ஒரு கறுப்புச் சதுரம். ஒட்டுவதற்கு முன் அதன் விளிம்பில் இருந்து கோபுர வடிவம் ஒன்றை வெட்டி எடுத்து, அதே விளிம்பை மடிப்புக் கோடாக வைத்து வெளிப்பக்கம் புரட்டி ஒட்ட வேண்டும். உள்ளே வெள்ளைக் கோபுரம், வெளியே கறுப்புக் கோபுரம். ஒரு துண்டும் எறியக் கூடாது, அதுதான் இதில் முக்கியம்.

உப்புவெளி டீச்சர்:
எல்லாருக்கும் மிகவும் நன்றி. கன்னியாவும் கோட்டையும் இரண்டுமே செய்கிறோம், சாம்பல் துண்டை வாசலிலேயே வைக்கிறேன். கோட்டை வாசல் அண்ணா, மான் கொம்பும் இப்படி வெட்ட வருமா?

கோட்டை வாசல்:
வரும். கிளையைக் குறைத்து, அடியை விளிம்போடு அகலமாகப் பிடித்து வெட்டச் சொல்லுங்கள், மெல்லியதாக விட்டால் பசை பட்டதும் சுருண்டுவிடும்.