சென்சில்லத்துக்குச் 'சுணை' பொருந்துமா?

அந்துப்பூச்சிகளின் உணர்கொம்பில் நிறைந்திருக்கும், மணம், சுவை, தொடுகை போன்றவற்றை அறியும் சென்சில்லம் என்ற நுண்ணுறுப்புக்கு நண்பர் ஒருவர் 'உணர்மயிர்' என்றும் மற்றொருவர் 'மோப்பமயிர்' என்றும் பெயர் சொல்லியிருக்கிறார்கள். இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. 'சுணை' என்பதே தகும் என்று கருதுகிறேன்.

முதலாவதாக, இவை எல்லாமே மயிர் வடிவில் இருப்பதில்லை. நீண்டு வளைந்தவை, முளை போலக் குட்டையாக நிற்பவை, குழிக்குள் பதிந்தவை, காதுமடல் போல விரிந்தவை எனப் பல வகைகள் ஒரே கொம்பில் கலந்திருக்கின்றன. குழிக்குள் இருப்பதைக் 'குழி உணர்மயிர்' என்று எழுதினால் மாணவர் எதைக் கற்பனை செய்வார்?

'மோப்பமயிர்' என்பதில் உள்ள சிக்கல் இதைவிடப் பெரிது. செய்யும் வேலையை வைத்துப் பெயரிட்டால் ஆண், பெண் வேறுபாட்டில் இடறி விழுவோம். 1959இல் ஜெர்மன் வேதியியலாளர் பூட்டெனன்ட் குழுவினர் பட்டுப்பூச்சியில் கண்டறிந்த, ஆணை ஈர்க்கப் பெண் வெளியிடும் பாம்பிகால் என்ற இனக்கவர்ச்சிப் பொருளை ஆணின் நீண்ட மயிர்வகை உணர்கிறது. அதே வடிவ மயிர் பெண்ணிடமும் உண்டு, ஆனால் அது பாம்பிகாலை விட்டுவிட்டு லினலூல், பென்சாயிக் அமிலம் போன்ற வேறு மணப்பொருள்களுக்கு மறுமொழி தருகிறது. வடிவம் ஒன்று, வேலை இரண்டு. கீட்டிகா என்னும் தடித்த முள் வகையோ சுவையையும் தொடுகையையும் அறிவது. அதற்கு மோப்பம் என்ற சொல் சிறிதும் ஒட்டாது.

இனி, சுணைக்கு வருகிறேன். கதிரடிக்கும் களத்தில் உடம்பில் ஒட்டி அரிக்கும் நுண்முள்ளையும் சுணை என்கிறோம். உறைக்க வேண்டியது உறைக்காதவனையும் சூடு சுணை இல்லாதவன் என்கிறோம். நுண்முள், உணர்வு ஆகிய இரு பொருளும் ஒரே சொல்லில் அமைந்திருப்பது நமக்குக் கிடைத்த பேறு. சென்ற பிசான நெற்பருவத்தில் அம்பாசமுத்திரம் பக்கம் குருத்துப்பூச்சிக்கு வைத்த இனக்கவர்ச்சிப் பொறியைக் கழற்றிப் பார்த்தபோது, வயற்கார அண்ணாச்சி ஒருவர் அந்துகளை உள்ளங்கையில் கொட்டி, "இறக்கையில கரும்புள்ளி உள்ளது ஒண்ணுகூட விழலையே" என்றார். புள்ளி துலங்குவது பெண்ணுக்கு. விழுந்தவை அனைத்தும் மங்கலான ஆண்கள். கைலென்சில் கொம்பு வெறும் நூலாகத்தான் தெரிந்தது. "அந்த நூலுல கண்ணுக்குத் தெரியாத சுணை இருக்கு, அதுதான் பொட்டையோட வாசத்தப் பிடிக்கும்" என்றதும், "அப்போ சுணை உள்ள பயலுவதான் மாட்டியிருக்கானுவ" என்று சிரித்தார். 'உணர்மயிர்' என்று சொல்லியிருந்தால் இன்னும் விளக்கிக்கொண்டிருந்திருப்பேன்.

செடியின் சுணையோடு குழம்பாதா என்ற ஐயம் எழலாம். முதல் முறை 'உணர்சுணை' என்று முழுமையாகவும், பிறகு 'சுணை' என்று சுருக்கியும் எழுதினால் போதும். இலையில் இருப்பதற்குத் 'தூவி' என்ற சொல் தனியே இருக்கிறது. வகைகளை வடிவத்தால் மட்டுமே பிரித்து, அவற்றின் இலத்தீன் பெயர்களுக்கு ஈடாக இப்படி எழுதுவோம்: ட்ரைக்கோடியா மயிர்ச்சுணை, பேசிகோனிகா முளைச்சுணை, சீலோகோனிகா குழிச்சுணை, ஆரிசில்லிகா மடற்சுணை, ஸ்குவாமிஃபார்மியா செதிற்சுணை. "ஆணில் மயிர்ச்சுணைகள் மிகுதி" என்ற தொடர் ஆய்வேட்டிலும் துண்டறிக்கையிலும் ஒருபோல நிற்கும்.

கீட்டிகா ஒன்றுதான் எனக்கு இன்னும் முடிவாகவில்லை. 'முட்சுணை' என்றால் முள்ளை இருமுறை சொன்னதுபோல் ஆகிறது. நுனித்துளையால் சுவை அறிவதால் 'நாச்சுணை' எனலாமென்றால், வேலையால் பெயரிடலாகாது என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். 'தடிச்சுணை' எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.