பல ஆண்டுகள் நின்ற டிடி-1: கார்புரேட்டரா, வேறு கோளாறா?

கேள்வி

வணக்கம். யமஹா 1968இல் வெளியிட்ட டிடி-1 வண்டி ஒன்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முயல்கிறேன். 246 சிசி டூ ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர் எஞ்சின். பல ஆண்டுகள் ஓடாமல் நின்றது. கிக்கரை மிதித்தால் கம்ப்ரஷன் நன்றாகத் தெரிகிறது, பிளக்கில் பொறியும் வருகிறது. கார்புரேட்டரைக் கழுவிப் பூட்டி ஸ்டார்ட் செய்தபோது, ஆக்சிலேட்டரை முழுவதும் விட்ட பிறகும் எஞ்சின் வேகம் குறையாமல் ஏறிக்கொண்டே போனது. அடர்ந்த வெள்ளைப் புகையும் வந்ததால் உடனே நிறுத்திவிட்டேன். கார்புரேட்டரை மறுபடியும் பிரிக்க வேண்டுமா? வண்டியைப் பிரித்துப் பெயின்டுக்குக் கொடுக்கும் எண்ணத்திலும் இருக்கிறேன்.

மறுமொழி 1

தயவுசெய்து இனி ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்யாதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்தால், கிராங்க் ஷாஃப்ட்டின் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) இரு முனைகளிலும் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஆயில் சீல்கள்மீதுதான் என் முதல் சந்தேகம் விழுகிறது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் முதலில் அந்தத் தண்டு சுழலும் அறையான கிராங்க் கேஸுக்குள் இழுக்கப்பட்டு, அங்கே அழுத்தப்பட்ட பிறகே சிலிண்டருக்குப் போகின்றன என்பதால், அந்த அறை காற்றுப்புகாமல் இருந்தே ஆக வேண்டும். பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட் இருக்கும் பக்கத்து சீல் காய்ந்து இறுகிவிட்டால் அந்த வழியே காற்று நுழைந்து கலவை மெலிகிறது. எஞ்சின் தானாக வேகமெடுக்கிறது, சூடேறி பிஸ்டன் உருகவும் கூடும். கிளட்ச் பக்கத்து சீல் போனாலோ, கியர் பாக்ஸ் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு வெள்ளைப் புகையாக வெளியேறும். கியர் ஆயில் மட்டம் குறைந்திருக்கிறதா, அதில் பெட்ரோல் வாசனை அடிக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

ஊகத்தோடு நிற்காமல் காற்றழுத்தச் சோதனை செய்துவிடுங்கள். சைலன்சரையும் கார்புரேட்டரையும் கழற்றி இரண்டு வாய்களையும் ரப்பரால் இறுக அடைத்து, பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் துளை வழியே கைப்பம்பால் 6 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றடியுங்கள். அதற்கு மேல் போனால் நல்ல சீல்கூடப் பிதுங்கிவிடும். சில நிமிடங்களாவது அழுத்தம் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் சீல், கேஸ்கெட், கார்புரேட்டர் மேனிஃபோல்டு என்று எல்லா இணைப்புகளிலும் சோப்பு நீரைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. சோதித்துப் பார்த்தேன். அழுத்தம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை; மேக்னெட்டுக்குப் பின்னால் குமிழிகள் வந்தன, கியர் ஆயில் ஊற்றும் துளையருகே காற்று சீறும் ஓசையும் கேட்டது. இரண்டு சீல்களும் போய்விட்டன என்றே எடுத்துக்கொள்கிறேன்.

மறுமொழி 2

சரியாகவே புரிந்துகொண்டீர்கள். மேக்னெட்டைச் சுத்தியலால் தட்டிக் கழற்றாதீர்கள், அதற்கான புல்லரை (இழுத்துக் கழற்றும் கருவி) பயன்படுத்துங்கள். அவசரத்தில் தட்டி கிராங்க் முனையின் மரையைக் கெடுத்துக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு. பிஸ்டனை கிராங்க் ஷாஃப்ட்டுடன் இணைக்கும் கனெக்டிங் ராடை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள்: பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருக்கலாம், மேல்கீழ் ஆட்டம் துளியும் கூடாது. மேல்கீழ் ஆட்டம் இருந்தால் எஞ்சினை முழுமையாகப் பிரித்து, பேரிங்குகளையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது.

இன்னொன்று, இந்த வண்டியில் ஆயிலைத் தனி டேங்கிலிருந்து ஆட்டோலூப் பம்ப் செலுத்துகிறது. இத்தனை ஆண்டு கிடந்த பம்பை உடனே நம்ப வேண்டாம். குழாயிலுள்ள காற்றை வெளியேற்றி, ஆயில் சீராக வருவதைக் கண்ணால் பார்க்கும்வரை பெட்ரோலிலும் 20க்கு 1 என்ற அளவில் டூ ஸ்ட்ரோக் ஆயிலைக் கலந்தே ஓட்டுங்கள். புகை கூடுதலாக வரும், ஆனால் பிஸ்டன் பிழைக்கும்.

மறுமொழி 3

பெயின்ட் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். கரடுமுரடான தடங்களில் குதித்து ஓடிய வண்டி இது. ஹேண்டில் கழுத்து, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் பொருந்தும் இடம், ஃபுட்ரெஸ்ட் தாங்கிகள் ஆகியவற்றின் வெல்டிங்கை அழுக்கும் பழைய பெயின்டும் நீக்கி, மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஒரு குழியில் விழுவதுபோல் நின்றால் கோன் செட் (ஹேண்டில் கழுத்திலுள்ள பேரிங்) தேய்ந்திருக்கிறது. ஃபோர்க் குழாயில் துருக்குழி இருந்தால் புதிய ஆயில் சீல் போட்டும் பயனில்லை, அந்தக் குழி அதையும் கிழித்துவிடும். எல்லாவற்றையும் பெயின்ட் இல்லாமலே ஒருமுறை பூட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, வெல்டிங் வேலை ஏதும் பாக்கியில்லை என்று உறுதியான பிறகே ஃபிரேமைப் பெயின்டுக்கு அனுப்புங்கள்.