கேப்ஷனின் முதல் 125 எழுத்து: தமிழில் எந்தக் கணக்கில் 125?

நெடுங்கணக்கு:
படத்தோடு போடும் கேப்ஷனை எழுதுவது எப்படி என்று ஒரு குறிப்பு சுற்றிக்கொண்டிருக்கிறது. காலையில் எனக்கும் வந்தது. "இன்ஸ்டாகிராமில் முதல் 125 எழுத்துதான் கண்ணில் படும். சொல்ல வேண்டியதை அதற்குள் சொல்லிவிடுங்கள். கடைசியில் ஒரு கேள்வி கேளுங்கள், கருத்துகள் தானாக வரும்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. இந்த 125 ஆங்கிலத்தை மனதில் வைத்துச் சொன்னது. அங்கே ஒரு எழுத்துக்கு ஒரு குறி. நமக்கு அப்படியா? "அப்பாவின் சைக்கிளுக்கு இன்று காற்று அடித்தேன்" என்று எழுதுங்கள். விரல்விட்டு எண்ணினால் 22 எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறி என்பதால் 41 வரும். தமிழில் 125 என்பது 125 இல்லை. இதைக்கூட எண்ணிப் பார்க்காதவர் ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறார்.

சுருக்குப்பை:
அந்தக் குறிப்பை எழுதியது நான்தான். பெயரைச் சொல்லாமல் திட்டினால் எனக்குத் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தீர்களா? ஆறு வருடமாகப் பிறருடைய பக்கங்களுக்குக் கேப்ஷன் எழுதித்தான் பிழைக்கிறேன். மொத்தம் 2,200 வரை எழுதலாம் என்பது எனக்கும் தெரியும். மீதியைக் காட்டும் 'மேலும்' என்பதைத் தொடுகிறவர்கள் கொஞ்சம் பேர், அதனால்தான் முன்பகுதியைக் கவனியுங்கள் என்றேன். 125 என்றால் 125. உங்கள் வாக்கியம் 22 ஆனாலும் 41 ஆனாலும் அதற்குள் அடங்கிவிட்டதே, அப்புறம் என்ன பிரச்சினை?

நெடுங்கணக்கு:
ஒரு வாக்கியம் அடங்கியது. இடைவெளியையும் சேர்த்தால் அது 45. இதே அளவில் மூன்று வாக்கியம் எழுதினால் 135, உங்கள் எல்லை தாண்டிவிட்டது. எண்ணிப் பார்த்தால் வெறும் 66 எழுத்து! உங்கள் குறிப்பை நம்பி எழுதுகிறவர், இன்னும் பாதி இடம் இருக்கிறது என்று நினைத்து முக்கியமான வரியைத் தள்ளி வைப்பார். அது மறைந்துபோகும். அவருக்கு யார் பதில் சொல்வது?

சுருக்குப்பை:
முதலில் 22 என்றீர்கள், அடுத்து 41, இப்போது 45. முதலில் நீங்கள் ஒரு எண்ணில் நில்லுங்கள்.

நெடுங்கணக்கு:
மூன்றும் சரி. எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. அதைத்தான் உங்கள் குறிப்பு சொல்லவில்லை.

மழைக்குருவி:
இருவருமே ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்தச் செயலி உட்கார்ந்து எழுத்து எண்ணி வெட்டுவதில்லை. திரையின் அகலம், எழுத்தின் அளவு, எத்தனை வரி என்பதைப் பொறுத்து மறைக்கிறது. எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கும் போனில் சீக்கிரமே 'மேலும்' வந்துவிடும். 125 ஒரு உத்தேசம், அவ்வளவுதான். நம் எழுத்துகளில் 'ணை', 'கௌ' மாதிரி அகலமானவையும் உண்டு, 'ர' மாதிரி ஒல்லியானவையும் உண்டு.

எண்ணிக்கையை விட முதல் வரியில் என்ன இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். பழைய சைக்கிள் படத்தைப் போட்டுவிட்டு "பழைய சைக்கிள்" என்று எழுதினால் யார் நிற்பார்கள்? படத்தில் அது தெரிகிறதே. "அப்பாவின் சைக்கிளுக்கு இன்று காற்று அடித்தேன்" என்றால் அப்பா எங்கே, ஏன் இன்று என்று மனம் கேட்கும். படம் காட்ட முடியாத ஒன்றைத்தான் வார்த்தை சொல்ல வேண்டும். படம் எடுப்பதற்கு முன்பு நடந்தது, எடுத்த பிறகு நடந்தது, பக்கத்தில் நின்று யாரோ சொன்னது. நான் ஒவ்வொரு முறையும் கேப்ஷனை எழுதி முடித்தபின் முதல் வாக்கியத்தை அழித்துப் பார்ப்பேன். பெரும்பாலும் இரண்டாவது வாக்கியம்தான் நல்ல தொடக்கமாக இருக்கும்.

நெடுங்கணக்கு:
நல்ல கருத்து, மறுக்கவில்லை. வரியும் அகலமும் வேறு விஷயம். இங்கே கேள்வி 125 பற்றியது.

பழைய_பேனா:
இது எஸ்எம்எஸ் காலத்திலேயே பட்ட கஷ்டம். ஆங்கிலத்தில் 160 வரை ஒரே செய்தியாகப் போகும். தமிழில் அடித்தால் 70தான். 71ஆவது வந்தால் அடுத்த செய்திக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிடுவார்கள். அதனால் நெடுங்கணக்கு ஐயா சொல்வதுதான் சரி, 125இல் பாதிக்குமேல் போய்விடும்.

சுருக்குப்பை:
எஸ்எம்எஸுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அங்கே செய்தியின் கொள்ளளவு 140 பைட் (ஒரு பைட் எட்டு பிட்). ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஏழு பிட் போதும், அதனால் 160. தமிழில் ஒரு குறிக்கு இரண்டு பைட் என்பதால் 70. கேப்ஷனில் பைட் யாரும் பார்ப்பதில்லை. ஆதரவு தர வருகிறவர்களாவது தெரிந்துகொண்டு வரலாம்.

நெடுங்கணக்கு:
பைட் வேறு என்பது சரி. ஆனால் பெரியவரிடம் அப்படிப் பேச வேண்டாம், தம்பி. அவர் சொன்னதன் சாரம் புரிகிறது. ஒரே எண், இரண்டு மொழியில் இரண்டு அளவு. 2017 நவம்பரில் ட்விட்டர் 140ஐ 280 ஆக்கியபோது சீனம், ஜப்பானியம், கொரியன் மூன்றுக்கும் பழைய 140ஐயே வைத்தார்கள். குறைந்த எழுத்தில் நிறைய சொல்லும் மொழிகள் என்று யோசித்துச் செய்தார்கள். மொழிக்கு மொழி அளவு மாறும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. தமிழுக்கு 280 கிடைத்தது, ஆனால் புள்ளியையும் கொம்பையும் தனியாக எண்ணித்தான். "தமிழ்" என்று எழுதினாலே ஐந்து போய்விடும். மூன்று எழுத்துச் சொல்லுக்கு ஐந்து!

சுருக்குப்பை:
தம்பி என்று கூப்பிடுகிற உரிமையை யார் கொடுத்தது? உங்கள் வயது எனக்குத் தெரியாது, என் வயது உங்களுக்குத் தெரியாது. வாதம் தீர்ந்துபோனால்தான் இங்கே எல்லோரும் அண்ணன் ஆகிவிடுகிறார்கள்.

ஒற்றுப்பிழை:
இவ்வளவு நேரம் தமிழின் எழுத்துக்காகச் சண்டை போடுகிறீர்கள், 'கேப்ஷன்' என்ற சொல் மட்டும் யார் கண்ணையும் உறுத்தவில்லை. படக்குறிப்பு என்று அழகான சொல் இருக்கிறது. பத்திரிகைகளில் எத்தனை காலமாகப் புழங்குகிறது!

சுருக்குப்பை:
படக்குறிப்பு என்றால் "இடமிருந்து வலம்: தலைவர், செயலாளர், பொருளாளர்" என்று எழுதுவது. நாங்கள் எழுதுவது அது இல்லை. சில நேரம் படத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இருக்காது. வேறு வேலைக்கு வேறு சொல்.

ஒற்றுப்பிழை:
வேறு சொல் வேண்டுமென்றால் தமிழில் உண்டாக்குங்கள். கடன் வாங்கிவிட்டு அதற்கு விளக்கம் வேறு.

நெடுங்கணக்கு:
ஒற்றுப்பிழை சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே 125. சுருக்குப்பை இன்னும் பதில் சொல்லவில்லை. கூடவே அந்தக் 'கடைசியில் கேள்வி கேளுங்கள்' என்ற யோசனையும் அரைகுறை. "பிடித்தால் லைக், நண்பரை டேக் செய்யுங்கள், ஆம் என்றால் கமெண்டில் ஆம் போடுங்கள்" என்று கெஞ்சும் பதிவுகளைக் கீழே தள்ளுவோம் என்று ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. இதுவும் உங்கள் குறிப்பில் இல்லை.

சுருக்குப்பை:
நான் கேள்வி என்றேன், கெஞ்சச் சொல்லவில்லை. அதே அறிவிப்பில், உதவி, ஆலோசனை, பரிந்துரை கேட்கும் பதிவுகளுக்குப் பாதிப்பு இல்லை என்றும் இருந்தது. அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள். "உங்கள் வீட்டில் யாரும் தொடாமல் நிற்கும் பொருள் எது?" என்று சைக்கிள் படத்துக்குக் கீழே கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். "சைக்கிள் பிடிக்குமா?" என்று கேட்டால் ஆம், இல்லை என்று முடிந்துவிடும். இந்த வித்தியாசத்தையும் அந்தக் குறிப்பில்தான் எழுதியிருந்தேன், இரண்டாவது பத்தியில். முழுதாகப் படித்தவர்களுக்குத் தெரியும். நீங்கள் 125இல் நின்றுவிட்டீர்கள்.

உண்மையில் உங்கள் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். போன முறை ஹேஷ்டேக் பேச்சில் முப்பதையும் நிரப்பச் சொன்னது நீங்கள். 2021இலேயே இன்ஸ்டாகிராம் படைப்பாளர்களுக்காக நடத்தும் பக்கம் மூன்று முதல் ஐந்து போதும் என்று சொல்லிவிட்டது என்று எடுத்துக் காட்டினேன். அன்றிலிருந்து நான் எதை எழுதினாலும் பூதக்கண்ணாடியோடு வருகிறீர்கள்.

நெடுங்கணக்கு:
அப்போது முப்பது வரை அனுமதி இருந்தது, அதைத்தான் சொன்னேன், நிரப்பு என்று சொல்லவில்லை. இருந்தால் எடுத்துப் போடுங்கள், பார்ப்போம். பழைய கணக்கை இழுத்தால் 125 மறைந்துவிடாது.

மழைக்குருவி:
ஹேஷ்டேக் பற்றி வந்ததால் சொல்கிறேன். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. நான்கு சொல்லை ஒட்டி ஒரே ஹேஷ்டேக்காகப் போட்டால் எங்கே பிரித்துப் படிப்பது என்று தெரியாது. நடுவில் அடிக்கோடு போடுங்கள். சிறுகோடு போட்டால் அந்த இடத்தோடு ஹேஷ்டேக் முறிந்துவிடும். இன்னொன்று, வாக்கியத்துக்கு நடுவே எமோஜியை இறைக்காதீர்கள். பார்வையற்றவர்கள் கேப்ஷனைத் திரைவாசிப்பான் வழியாகக் கேட்கிறார்கள். அது எமோஜியின் பெயரையும் வாசிக்கும். "அப்பா, சிவப்பு இதயம், சிவப்பு இதயம், இன்று" என்று கேட்டால் வாக்கியம் என்ன ஆகும்?

பழைய_பேனா:
இது எனக்குத் தெரியாது, நன்றி குருவி. ஆனால் 70 என்று நான் சொன்னதில் தவறு இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன். இடைவெளியை விட்டுவிட்டால் 125க்குள் ஏறக்குறைய 70 தமிழ் எழுத்துதான் அடங்கும். நெடுங்கணக்கு சொன்ன வாக்கியத்தை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

சுருக்குப்பை:
அது தற்செயலாக அமைந்த எண்! எஸ்எம்எஸ் 70 வேறு, இது வேறு. எத்தனை முறை சொல்வது?

நெடுங்கணக்கு:
ஆக, 125இல் 70தான் அடங்கும் என்று இப்போது ஒத்துக்கொள்கிறீர்கள்.

சுருக்குப்பை:
எங்கே ஒத்துக்கொண்டேன்? தற்செயல் என்றுதான் எழுதியிருக்கிறேன். 125 என்றால் 125. தட்டச்சுப் பலகை அப்படித்தான் எண்ணுகிறது, என் வாடிக்கையாளர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள். குறிப்பில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன்.

நெடுங்கணக்கு:
தட்டச்சுப் பலகையா? 'கொ' எழுத 'க'வோடு ஒரே குறியையும் சேர்க்கலாம், முன்னே ஒற்றைக் கொம்பு, பின்னே கால் என்று இரண்டு குறியையும் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். 'க'வையும் சேர்த்து முதலாவது இரண்டு, இரண்டாவது மூன்று. ஒரே சொல், இரண்டு எண்ணிக்கை. இதில் உங்கள் 125 எது?

ஒற்றுப்பிழை:
தனி இழை தொடங்கச் சொன்னீர்கள், தொடங்கிவிட்டேன். ஒருவர்கூட வரவில்லை. எல்லோரும் இங்கேயே எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

சுருக்குப்பை:
எனக்கு வேலை இருக்கிறது, நாளைக்குள் பன்னிரண்டு கேப்ஷன் கொடுக்க வேண்டும். எண்ணிக்கொண்டே இருக்கிறவர்கள் எழுதுவது எப்போது என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறேன்.

நெடுங்கணக்கு:
கொடுங்கள். அந்தப் பன்னிரண்டும் வெளிவந்ததும் ஒவ்வொன்றையும் எண்ணி இங்கேயே பட்டியல் போடுகிறேன். எழுத்து ஒரு பக்கம், குறி ஒரு பக்கம், இடைவெளியோடு.

சுருக்குப்பை:
போடுங்கள். 125ஐத் தாண்டி ஒன்றுகூட இருக்காது.

நெடுங்கணக்கு:
எந்த 125?