ஜெனரேட்டர் செட் சிம்சன் இன்ஜின் பழைய மேசி 1035-க்கு உட்காருமா?

பாலக்கோடு தக்காளி:
வணக்கம். வண்டி மேசி 1035 டிராக்டர், சிம்சன் 3 சிலிண்டர் இன்ஜின், டூயல் கிளட்ச். பிளாக்கில் வாட்டர் ஜாக்கெட் ஓரமா நீளவாக்கில் விரிசல். வெல்டு நிக்கல, ஆயில்ல தண்ணி கலக்குது. ஓசூர்ல ஜெனரேட்டர் செட்டில் இருந்து கழட்டின சிம்சன் 3 சிலிண்டர் ஒண்ணு விலைக்கு வருது. பார்க்க அச்சு அசல் அதே இன்ஜின். அப்படியே தூக்கி வைக்கலாமா? ஆர்.சி.யில் என்ன செய்யணும்?

லேத் பட்டறை, ஓசூர்:
விலை பேசுறதுக்கு முன்னாடி குனிஞ்சு இன்ஜின் அடியில இருக்கிற ஆயில் தொட்டியை, அதான் சம்ப்பைப் பாருங்க. ஜெனரேட்டர் இன்ஜினுக்குப் பெரும்பாலும் தகர சம்ப்தான் இருக்கும், அது ஆயிலை மட்டும் தாங்கினா போதும். உங்க வண்டிக்குத் தனியா சேசிஸ் கிடையாது. முன் அச்சுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல இன்ஜின்தான் முதுகெலும்பு, அதனாலதான் அதுல கனமான வார்ப்பு சம்ப். அதை இதுக்கு மாத்தணும். கூடவே ஆயில் உறிஞ்சும் குழாய், சல்லடை, டிப்ஸ்டிக் மூணும் பழைய இன்ஜின்ல இருந்தே வரணும். குழாய் நீளம் மாறினா மேட்டுல ஏறும்போது ஆயில் பிரஷர் விழும்.

சம்ப்பை இறுக்குறப்ப அதன் பின்முகமும் பிளாக்கின் பின்முகமும் ஒரே மட்டத்துல இருக்கணும். நேர்க்கட்டை வச்சு ஃபீலர் கேஜ்ல பாருங்க, 2 தவ் (ஒரு தவ்னா இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு) கேஜ் கூட நுழையக் கூடாது. மட்டம் தப்பினா கிளட்ச் ஹவுசிங்கை இறுக்கும்போது சம்ப் காது விரியும்.

பேக் பிளேட், பிளைவீல், ஸ்டார்ட்டர் எல்லாம் டிராக்டருடையதே. ஜெனரேட்டர் பிளைவீல்ல கிளட்ச் உட்கார முகமே இருக்காது. மாட்டினதும் டயல் கேஜ் வச்சு ஆட்டம் பாருங்க: பிளைவீல் முகத்துல ஆரம் ஒரு இன்ச்சுக்கு 1 தவ்வுக்கு மேல போகக் கூடாது. பின் ஆயில் சீல் கயிறு வகையா இருந்தா இப்பவே புதுசு போடுங்க. முனைகள் 10 முதல் 20 தவ் வெளிய நீட்டி இருக்கணும், மட்டமா அறுத்தா ஒழுகும்.

ஃபேனையும் மறக்காதீங்க. ஜெனரேட்டர் ஃபேன் காத்தை ரேடியேட்டர் வழியா வெளிய தள்ளும், டிராக்டர் ஃபேன் உள்ள இழுக்கும். மாத்தாம விட்டா வண்டி முன்னாடி போகப் போக ரெண்டு காத்தும் மோதி இன்ஜின் சூடாகும்.

பம்பு ரூம், தர்மபுரி:
டீசல் பம்பு பத்தி நான் சொல்றேன். ஜெனரேட்டர் பம்புல வேகத்தைக் கட்டுப்படுத்துற கவர்னர் 1500 ஆர்பிஎம்ல நிக்கிற மாதிரி செட் பண்ணது, 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு அதுதான் தேவை. டிராக்டருக்கு 700 பக்கத்துல ஐடில் நிக்கணும், மேல 2000 தாண்டணும். மேக்சிமம் ஸ்க்ரூவைத் திருகிக் கூட்டினா வேகம் வரும். ஆனா ஸ்பிரிங் அதுக்கானது இல்ல, ஐடில்ல இன்ஜின் ஏறி இறங்கி ஆடும், கலப்பை இறங்கினதும் மூச்சு வாங்கும். உங்க பழைய பம்பையே பெஞ்ச்ல காலிபரேட் பண்ணி மாட்டுங்க.

பழைய பம்பு ரோட்டரி வகை, ஜெனரேட்டர்ல இருக்கிறது இன்லைன் வகைன்னா டைமிங் கேஸ், பம்பு கியரையும் சேர்த்து மாத்தணும். நாசில் மூணும் ஒரே பிரஷர்ல திறக்கணும். டேப்பெட் (வால்வு) இடைவெளி இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 12 தவ். ஏர் எடுக்கிற வரிசை: ஃபில்டர், பம்பு, கடைசியா நாசில் நட்டு.

பென்னாகரம் மெக்கானிக்:
வண்டியைப் பிரிக்கும் முன்னாடி முன் அச்சுக்கும் அதைத் தாங்குற வார்ப்புக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் மர ஆப்பு அடிங்க. இல்லன்னா பிரிச்ச நிமிஷமே இன்ஜின் ஒரு பக்கமா சாயும், கை நசுங்கும்.

சேர்க்கும்போது மேல ரெண்டு நீள ஸ்டட் போட்டு வழிகாட்டியா வச்சுக்கோங்க. டூயல் கிளட்ச்ல ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு ஷாஃப்ட். பி.டி.ஓ. (பின்னாடி கருவிகளை ஓட்டுற ஷாஃப்ட்) லிவரைப் போட்டுப் பின்னாடி ஷாஃப்ட்டைக் கையால திருப்புங்க, வெளி ஷாஃப்ட்டின் ஸ்ப்லைன் (பல்) விழும். அப்புறம் கியர் போட்டு கிராங்க் புல்லியைத் திருப்பினா உள் ஸ்ப்லைன் விழும். கடைசி அரை இன்ச் இடைவெளி நின்னா போல்ட்டால இழுக்காதீங்க. பிளேட் ஹப் வளையும், கிளட்ச் விடாது, சில சமயம் ஹவுசிங்கே உடையும்.

நம்ம பக்கத்து போர் தண்ணி உப்பு. பிளாக் ஓரத்துல இருக்கிற பழைய வெல்ச் பிளக்கை (தகர மூடி) தட்டி எடுத்துப் பாருங்க, ஜாக்கெட்ல சுண்ணாம்பு படிஞ்சிருந்தா சுரண்டிக் கழுவணும். அப்புறம் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி.

ஆர்.சி.க்கு: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. முன்கூட்டியே ஆர்டிஓ அனுமதி வாங்கிட்டு மாத்துங்க. மாத்தின 14 நாளுக்குள்ள தெரிவிக்கணும். இன்ஜின் நம்பர் போட்ட பில் இல்லாம வாங்காதீங்க. வண்டி மேல கடன் இருந்தா பேங்க் சம்மதக் கடிதமும் வேணும்.

பாலக்கோடு தக்காளி:
போய்ப் பார்த்தேன் அண்ணே. தகர சம்ப்தான். பிளாக்கின் முன்பக்கம், அச்சு வார்ப்பு உட்காரும் இடத்துல ரெண்டு போல்ட் ஓட்டை இல்லவே இல்ல. ட்ரில் போட்டு டேப் அடிச்சுக்கலாம் (மரை வெட்டிக்கலாம்)னு விற்கிறவர் சொல்றார்.

லேத் பட்டறை, ஓசூர்:
அந்த இடத்துல வார்ப்பு புடைப்பு இருக்கான்னு தடவிப் பாருங்க தம்பி. புடைப்பு இருந்து ஓட்டை மட்டும் இல்லன்னா, பழைய பிளாக்கை அளவு எடுத்து மெஷின்ல போடலாம், கை ட்ரில் வேண்டாம். புடைப்பே இல்லன்னா அந்த பிளாக் டிராக்டருக்கு ஆகாது. மெல்லிசா இருக்கிற சுவர்ல டேப் அடிச்சா தண்ணி ஜாக்கெட்டுக்குள்ள போய் நிக்கும், முன் அச்சு பாரம் முழுக்க மீதி போல்ட் மேல விழும். அப்படின்னா டிராக்டர் பிளாக்கைத் தனியா தேடுங்க. இவர்கிட்ட கிராங்க், ஹெட் மட்டும் கேளுங்க. ரெண்டிலும் நம்பர் பார்த்து, கிராங்க்கை மைக்ரோமீட்டர்ல அளந்த பிறகு காசு கொடுங்க.