மியூச்சுவல் எய்டுக்கு ‘ஒத்தாசை’

தோழர்களுக்கு வணக்கம். மியூச்சுவல் எய்டு, அதாவது மக்கள் தாங்களாகவே ஒருவருக்கொருவர் கைகொடுப்பது, அதைத் தமிழில் ‘ஒத்தாசை’ என்று சொல்லலாம் என்றேன்.

> ‘பரஸ்பர உதவி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

என்று கேட்டிருந்தீர்கள், ஐயா. பெரம்பூரில் நாங்கள் சிலர், ஆள்பவரே வேண்டாம் என்ற ரஷ்யச் சிந்தனையாளர் குரோபோட்கின் 1902-ல் வெளியிட்ட ‘மியூச்சுவல் எய்டு’ நூலின் எட்டாம் அத்தியாயத்தைத் தமிழாக்கி வருகிறோம். அரசு இல்லாவிட்டால் மக்கள் எப்படி வாழ்வார்கள் என்ற கேள்விக்கு அவருடைய பதிலே மியூச்சுவல் எய்டுதான். ‘உதவி’ என்றதும் கொடுப்பவர் ஒரு படி மேலே ஏறிவிடுகிறார். முன்னால் ‘பரஸ்பர’ சேர்த்தாலும் அந்தப் படி போகவில்லை.

அதே அத்தியாயத்தில் வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளர்களும் வருகிறார்கள், இங்கிலாந்துக் கரையில் புயலுக்கு நடுவே உயிர்காப்புப் படகை இறக்கும் தன்னார்வலர்களும் வருகிறார்கள். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த ஊர் எங்களுடையது, முதல் பாதி எளிதாகப் புரிந்தது. படகுப் பகுதியைப் படித்ததும் எல்லோருக்கும் 2015 டிசம்பர்தான் நினைவுக்கு வந்தது. மீனவர்கள் படகுகளோடு ஊருக்குள் வந்து, வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்டார்களே, அதை நிவாரணம் என்று சொல்ல மனம் வருமா? நிவாரணம் மேலிருந்து வருவது.

இன்னொரு தோழர் ‘கைம்மாறு’ என்றார். அழகான சொல்தான். ஆனால் அது செய்தவருக்கே திருப்பிச் செய்வது. கைமாற்றும் மொய்யும் அப்படியே, மொய்க்கு நோட்டே உண்டு. குரோபோட்கின் சொல்வதில் கணக்கு கிடையாது. இன்று எனக்கு நீங்கள், நாளை யாருக்கோ நான்.

‘கொஞ்சம் ஒத்தாசைக்கு வாப்பா’ என்று எங்கள் தெருவில் கேட்பவர் யாரும் தலைகுனிந்து கேட்பதில்லை. வருபவரும் பெருமை கொண்டாடுவதில்லை. பேச்சுவழக்குச் சொல் என்பதை நான் குறையாக நினைக்கவில்லை. 1936-ல் பார்சிலோனா டிராம்களைத் தொழிலாளர்கள் தாங்களே எடுத்து நடத்தினார்கள் என்று எழுதும்போது, நம் பணிமனை ஊழியருக்கும் புரிகிற சொல் வேண்டும்.

ஒத்தாசை ஒருபக்கமாகவும் இருக்கலாமே என்ற மறுப்பு நியாயமானது. அதனால் முதலில் வரும் இடத்தில் ‘ஒருவருக்கொருவர் ஒத்தாசை’ என்று விரித்துவிட்டு, அப்புறம் ‘ஒத்தாசை’ என்றே தொடரலாம். குழுக்களுக்கு ‘ஒத்தாசைக் குழு’.

‘அராஜகம்’ பற்றித் தனி இழை தொடங்குகிறேன். ரவுடித்தனத்துக்கும் அதே சொல், ஆள்பவரே வேண்டாம் என்ற சிந்தனைக்கும் அதே சொல் என்றிருப்பது இந்த மொழிபெயர்ப்பு முழுவதையும் குழப்புகிறது.