சிறுத்தை இறந்த செய்தியைத் தமிழில் எழுதுவது எப்படி?

கேள்வி: இராஜகிரியவாசி

அனைவருக்கும் வணக்கம். கொழும்பில் இயங்கும் வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பொன்றில் நான்கு மாதங்களுக்கு முன் தொடர்பாடல் முகாமையாளராகச் சேர்ந்தேன். அதற்கு முன் ஏழு ஆண்டுகள் காப்புறுதித் துறையில் விளம்பர வேலை பார்த்தவள் என்பதால், துண்டுப்பிரசுரம், முகநூல் பக்கம், நன்கொடையாளர்களுக்கான காலாண்டு மடல் ஆகியவற்றில் எனக்குத் தடுமாற்றமில்லை. தடுமாறுவது ஒரு விலங்கு இறந்த அன்றுதான்.

சென்ற மாதம் மலையகத் தோட்டமொன்றில் சுருக்குக் கம்பியில் சிக்கி ஒரு சிறுத்தை இறந்தது. எங்கள் ஆங்கில அறிக்கை மாலை ஐந்து மணிக்கும் சிங்கள அறிக்கை இரவு எட்டு மணிக்கும் வெளியாகின. தமிழ் அறிக்கையை வெளியில் கொடுத்து மொழிபெயர்ப்பித்தோம். அது மறுநாள் நண்பகலில்தான் வந்தது, நான் வாசிப்பதற்கு முன்பே அலுவலகத்தில் ஒருவர் அதைப் பதிவேற்றியும் விட்டார். தலைப்பில் "புலி" என்று இருந்தது. உள்ளே "தோட்டத் தொழிலாளர்கள் வைத்த பொறியில்" என்று இருந்தது. ஆங்கில மூலத்தில் பொறியை யார் வைத்தார்கள் என்ற பேச்சே இல்லை. தோட்டத்தில் அகப்பட்டது என்ற செய்தியை மொழிபெயர்த்தவர் தாமாகவே தொழிலாளர் தலையில் கட்டிவிட்டார். அன்று மாலைக்குள் அந்தத் தோட்டத்திலிருந்து மூன்று அழைப்புகள் வந்தன. அழுதுகொண்டே பேசிய ஓர் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பதைத் தவிர என்னால் வேறொன்றும் செய்ய முடியவில்லை.

இதற்கிடையில் நிதி திரட்டும் பிரிவினர், இறந்த சிறுத்தையின் படத்தைப் பெரிதாக வெளியிட்டால் நன்கொடை பெருகும் என்கிறார்கள். இறப்பின் காரணத்தை உடனே சொல்லுமாறு ஊடகங்கள் நெருக்குகின்றன. இப்படிப்பட்ட நாளில் முதல் சில மணித்தியாலங்களில் என்ன எழுத வேண்டும், அதைத் தமிழில் யார் எழுத வேண்டும், படத்தை என்ன செய்ய வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாவேன்.

பதில் 1: பழைய உதவி ஆசிரியர்

சகோதரி, கொழும்பில் தமிழ் நாளிதழ் ஒன்றின் செய்திப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தமிழ் அறிக்கை மறுநாள் நண்பகலில் வந்தது என்றால், அது பத்திரிகைக்கு வராததற்குச் சமம். மாலையில் ஆங்கில அறிக்கை கிடைத்தவுடனேயே, பக்கத்தை முடிக்க வேண்டிய உதவி ஆசிரியர் அதைத் தாமே தமிழாக்கிக்கொள்வார். அவர் கையில் அரை மணி நேரம் இருக்கும், காட்டைப் பற்றிய பழக்கம் இராது. நானும் அப்படிப் பல பிழைகளை அச்சேற்றியவன்தான். ஆகவே மொழிபெயர்ப்பாளரை மாற்றுவதால் மட்டும் இது தீராது, வரிசையையே மாற்ற வேண்டும். சம்பவம் நடந்த ஊர் எந்த மொழி பேசுகிறதோ அந்த மொழியில் முதல் வரைவை எழுதுங்கள். மற்ற இரண்டும் அதிலிருந்து பிறக்கட்டும். தோட்டத்தில் நடந்ததைத் தமிழில் முதலில் எழுதியிருந்தால், "தொழிலாளர்கள் வைத்த" என்ற இரண்டு சொற்கள் நுழைய இடமே இருந்திராது.

"புலி" என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கைக் காடுகளில் புலி இல்லை; இருப்பது சிறுத்தை மட்டுமே. அதன் இலங்கைத் துணையினத்துக்குத் விலங்கியலாளர் தெரணியகல 1956 இல் இட்ட விஞ்ஞானப் பெயரே, புலியையும் குறிக்கும் "கொட்டியா" என்ற சிங்களச் சொல்தான், அந்தச் சொல்லின்மீது யுத்தகாலம் எந்தப் பொருளை ஏற்றிவைத்தது என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை. மலையகத்தில் பேச்சுவழக்கில் புலி என்பார்கள், அதில் குற்றமில்லை. ஆனால் "புலி கொல்லப்பட்டது" என்ற தலைப்பைக் கிளிநொச்சியில் ஒருவர் வாசிக்கும்போது அவர் மனம் காட்டுக்குப் போகாது.

கிளிநொச்சி என்றதும் 2018 ஜூன் மாதம் அம்பாள்குளத்தில் நடந்தது நினைவுக்கு வருகிறது. ஊருக்குள் வந்த சிறுத்தை பலரைக் காயப்படுத்தியது. ஊரார் அதை அடித்துக் கொன்றனர். கொன்ற விலங்குடன் எடுத்த படங்கள் நாடெங்கும் பரவின. அன்று என் மேசைக்கு வந்த கண்டன அறிக்கைகளில் சிறுத்தையைப் பற்றி நான்கு பந்திகளும் காயமடைந்தவர்களைப் பற்றி ஒரு வரியும் இருந்தன. வைத்தியசாலையில் படுத்திருந்தவரின் உறவினர் அதை வாசித்தால், இந்த அமைப்புகளைப் பற்றி என்ன நினைப்பார்?

இறப்பின் காரணத்தை, வனசீவராசிகள் திணைக்களத்தின் கால்நடை வைத்தியர் பிரேத பரிசோதனை செய்து முடிக்கும்வரை நீங்கள் சொல்லவே கூடாது. அது நீதவான் முன் போகக்கூடிய விடயம். "காரணம் இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை, பரிசோதனை நடைபெறுகிறது" என்று எழுதுவதில் வெட்கமில்லை. ஆனால் சும்மா இருக்கவும் வேண்டாம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று அமைச்சர் சொன்னார். உலகம் சிரித்து முடித்த பிறகுதான் மின்கட்டமைப்பின் சமநிலையைப் பற்றிய விளக்கங்கள் வந்தன. அவற்றை யாரும் வாசிக்கவில்லை. முதலில் வந்த சொல்தான் நிற்கும். சிறுத்தை, யானை, முதலை, குரங்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் குறிப்பைத் தமிழில் இப்போதே எழுதி வைத்துக்கொண்டால், அடுத்த முறை செய்தியாளர் அழைக்கும்போது ஐந்து நிமிடத்தில் அனுப்பலாம்.

பதில் 2: வன்னிக்காரன்

நான் வவுனியாப் பக்கத்தில் களவேலை செய்பவன். ஐயா சொன்ன வரிசை மாற்றம் சரியானதே. ஆனால் கொழும்பில் இருந்துகொண்டு தமிழில் எழுதினாலும் அது ஊருக்குப் புரியும் என்று எண்ண வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் எங்களுக்கு ஒரு சுவரொட்டி வந்தது, "எறும்புதின்னியைக் காப்போம்" என்று. படமும் அழகு, தாளும் தடிப்பு. சந்தியில் ஒட்டினோம். இரண்டு வாரம் கழித்து ஒரு பெரியவர், இது எந்த நாட்டு விலங்கு என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் அது அழுங்கு. ஒன்றை விடாமல் பற்றியிருப்பவனை அழுங்குப் பிடி பிடிக்கிறான் என்று சொல்லாத வீடு உண்டா? அந்தச் சொல் ஒன்றைத் தலைப்பில் போட்டிருந்தால் சுவரொட்டியின் பாதி வேலை முடிந்திருக்கும். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் கிராம அலுவலருக்கோ ஆசிரியர் ஒருவருக்கோ தொலைபேசியில் வாசித்துக் காட்டுங்கள். செலவில்லாத பரிசோதனை அது.

அடுத்தது, யானை விடயத்தில் நான் பலமுறை கண்ட ஒரு குறை. 2025 பெப்ரவரி 20 ஆம் திகதி கல்ஓயாப் பகுதியில் மட்டக்களப்புப் புகையிரதம் மோதி ஆறு யானைகள் இறந்தபோது, உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் அறிக்கைகள் குவிந்தன, குவியத்தான் வேண்டும். ஆனால் அதே அமைப்புகள், இரவில் வயலில் காவலிருந்த விவசாயி யானையால் இறக்கும்போது ஒரு வரியும் எழுதுவதில்லை. ஆண்டுதோறும் இந்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்கள் யானைகளால் இறக்கிறார்கள், அதைவிடக் கூடுதலான யானைகள் மனிதர்களால் இறக்கின்றன. இரண்டையும் ஒரே பக்கத்தில் சொல்லும் அமைப்புக்குத்தான் எங்கள் ஊர் காது கொடுக்கும். பன்றிக்காக இரைக்குள் ஒளித்து வைக்கும் ஹக்க பட்டாசு என்ற வெடியைக் கடித்த யானை வாய் சிதைந்து, உண்ண முடியாமல் நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது என்று ஒரு விவசாயியிடம் நான் சொல்வதற்கு, அவருடைய பயிர் அழிந்த இரவில் நானும் அங்கே நின்றிருக்க வேண்டும். அறிக்கைக்கும் இது பொருந்தும். முடிவில் திணைக்களத்தின் 1992 என்ற அவசர இலக்கத்தையும் நட்டஈட்டுக்கு எங்கே விண்ணப்பிப்பது என்பதையும் சேர்த்துவிடுங்கள். இறந்த விலங்கின் படத்தை வெளியிட வேண்டாம்.

பதில் 3: மஸ்கெலியா மைந்தன்

படத்தைப் பற்றி மட்டும் நான் மாறுபடுகிறேன். 2020 மே மாத இறுதியில் நல்லதண்ணிப் பகுதியில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் சிக்கியது. உயிருடன் மீட்டுச் சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், சில நாட்களில் இறந்துவிட்டது. கம்பியில் அகப்பட்ட அந்தக் கருஞ்சிறுத்தையின் படம் வந்திராவிட்டால், எங்கள் தோட்டங்களில் சுருக்குக் கம்பி என்ற ஒன்று இருப்பதே கொழும்பில் பலருக்குத் தெரிந்திராது. வன்னிக்காரர் சொல்வதுபோல் எல்லாவற்றையும் மறைத்தால், மரக்கறித் தோட்டத்துக்குள் வரும் பன்றிக்காக வைத்த மெல்லிய கம்பி எதைக் கொல்கிறது என்பதை எங்கள் ஆட்களுக்கே எப்படிக் காட்டுவது? கம்பியைக் காட்டுங்கள், காயத்தையும் ஓரளவு காட்டுங்கள். காட்டக் கூடாதவை இரண்டு: பின்னால் நிற்கும் மனிதரின் முகம், அந்த இடம் எது என்று அடையாளம் காட்டும் லயன் வீடோ (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) பெயர்ப்பலகையோ. தொலைபேசியில் எடுத்த மூலப் படத்துக்குள் இடத்தின் விபரம் பதிந்திருக்கும், அதையும் அழித்துவிட்டு அனுப்புங்கள்.

பதில் 2 இன் தொடர்ச்சி: வன்னிக்காரன்

கம்பியைக் காட்டலாம் என்பதை ஏற்கிறேன். நான் மனத்தில் வைத்து எழுதியது நன்கொடைப் பொத்தானுக்கு மேலே பிணத்தை வைக்கும் வழக்கத்தை. இரண்டும் வேறு என்பதை நான் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இராஜகிரியவாசி

மூவருக்கும் நன்றி. இன்று காலை பணிப்பாளருடன் பேசினேன். வடக்கு, கிழக்கு, மலையகச் சம்பவங்களில் தமிழ் வரைவே முதலில் எழுதப்படும் என்பதற்கு அவர் உடன்பட்டார். மற்ற மொழிகள் தாமதமாகுமே என்று முதலில் தயங்கினார், தமிழ் இத்தனை காலமும் தாமதமானபோது யாரும் தயங்கவில்லையே என்று கேட்டேன், சிரித்துவிட்டார். மனிதர் இறந்தாலோ காயப்பட்டாலோ அன்றே ஒரு குறிப்பு வெளியிடுவது என்றும் முடிவாகியுள்ளது. நிதிப் பிரிவினர் படத்தைப் பற்றி இன்னும் இணங்கவில்லை. மஸ்கெலியா நண்பர் சொன்னதை அப்படியே அச்செடுத்து அவர்கள் மேசையில் வைத்திருக்கிறேன்.

விலங்குகள் பற்றிய ஒரு பக்கக் குறிப்புகளில் முதலையை முதலில் எடுத்திருக்கிறேன், 2022 ஜனவரியில் தெகிவளை, வெள்ளவத்தைக் கடற்கரைகளில் முதலை வந்தபோது வட்ஸ்அப்பில் சுற்றிய கதைகளை நான் இன்னும் மறக்கவில்லை. வன்னிக்காரரே, உவர்நீரில் வாழும் செம்மூக்கு முதலைக்கும் நன்னீரில் வாழும் குளத்து முதலைக்கும் உங்கள் பக்கத்தில் வேறு வேறு பெயர் உண்டா? இருந்தால் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் குறிப்பை முடிக்க வேண்டும்.